விளிம்பில் யாருடைய பெயர்? புத்தளக் கரையும் பிரித்தானியப் பதக்கங்களும்

பதக்கம் என்று சொன்னால் எங்கட பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது சங்கிலியில் தொங்குகிற நகைதான். அடுத்தது பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி. கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பமென்றால், தலவில அன்னம்மாள் திருவிழாவில் வாங்கிக் கழுத்தில் போடும் சின்ன மெடல். வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளப் பதக்கம் எல்லாத்துக்கும் கடைசி. அதுவும் எப்போது வெளியே வரும்? வீடு திருத்தும்போது, சொத்துப் பிரிக்கும்போது, அல்லது யாராவது மௌத்தாகி அவருடைய றங்குப் பெட்டியைத் திறக்கும்போது.

உடனே இரண்டு கேள்வி வரும். "இது வெள்ளியா?" "வித்தா எவ்வளவு வரும்?" இரண்டும் தப்பான கேள்வியல்ல. ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பதக்கத்தின் முகத்தில் ராசாவின் தலை இருக்கும், முதுகில் சிங்கமோ தேவதையோ இருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு, நாணயத்தின் ஓரம் மாதிரி இருக்கிற அந்த ஒடுங்கிய விளிம்பைப் பாருங்கள். அங்கே ஏதாவது எழுதியிருக்கா?

பிரித்தானியப் பதக்கம் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பதக்கத்தின் பெறுமதியில் பெரும்பங்கு அந்த விளிம்பில்தான். முதலாம் உலகப் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் பெறுநரின் இலக்கம், தரம், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறிக்கப்பட்டிருக்கும். அதை வைத்து இலண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்க அட்டைகளில் ஆளைத் தேடலாம். எந்தப் போர்முனைக்குப் போனார், எந்த மாதம் கால் வைத்தார் என்பது வரைக்கும் சில நேரம் கிடைக்கும். ஒரு அவுன்ஸ் உலோகம் ஒரு ஆளாக மாறுவது அப்படித்தான். பெயர் அழிந்த பதக்கம் வெறும் அவுன்ஸ்.

அந்த விளிம்பை வைத்துக்கொண்டு எங்கட கரையின் கதையை வாசித்துப் பார்க்கலாமா என்பதுதான் இந்தக் கட்டுரை. வாசிக்க வாசிக்க எங்களுக்கு ஒன்று புரிந்தது. இந்தக் கரையில் பேரரசுக்காக உழைத்தவர்களில் விளிம்பு ஏறியவர்களை விட ஏறாதவர்களே அதிகம். அதனால் இங்கே பதக்கம் சேர்ப்பது என்பது பதக்கமே கிடைக்காதவர்களைத் தேடுவதாகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

கற்பிட்டிக் கோட்டையில் தொடங்குவோம். ஒல்லாந்தர் கட்டிய அந்தக் கோட்டை 1795 நவம்பரில் பிரித்தானியர் கைக்கு வந்தது. திருகோணமலை, யாழ்ப்பாணம், மன்னார் எல்லாம் அதற்குள் விழுந்துவிட்டன. கொழும்பு 1796 பெப்ரவரியில் விழுந்தது. இந்தப் படையெடுப்புக்குக் கிழக்கிந்தியக் கம்பனி ஒரு பதக்கம் அடித்தது. எங்கட தீவின் பெயர் ஏறிய முதல் பிரித்தானியப் பதக்கம் என்று அதைச் சொல்லலாம். ஒரு பக்கத்தில் 1795–96இல் இலங்கைத் தீவில் ஆற்றிய சேவைக்காக என்று ஆங்கிலத்தில் இருக்கும். மற்றப் பக்கம் அதே செய்தி பாரசீகத்தில், ஹிஜ்ரி ஆண்டோடு. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. பாரசீகம் ஏன்? வாங்கியவர்கள் வங்காளப் பீரங்கிப் படையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள், அன்றைய வடஇந்திய அரசாங்க மொழி அது. சேகரிப்பாளர்களின் கணக்குப்படி மொத்தம் 123 பதக்கம்தான். 2 தங்கம், 121 வெள்ளி.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தப் படையெடுப்பு மதராஸிலிருந்து கேர்ணல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையில் வந்தது. மதராஸ் சிப்பாய்ப் பட்டாளங்களும் அதில் வந்தன. தமிழும் தெலுங்கும் பேசுகிற ஆட்கள் நிறைந்த பட்டாளங்கள் அவை. ஆனால் பதக்கத்தை அடித்தது வங்காள அரசாங்கம், அது தன் ஆட்களுக்குக் கொடுத்தது. மதராஸ்காரருக்கு இல்லை. கோட்டைச் சுவரில் ஏறியது யார் என்பதை விட, சம்பளப் பட்டியல் எந்த ஊரில் எழுதப்பட்டது என்பதே பதக்கத்தைத் தீர்மானித்தது. கந்தோர் விஷயம்தான், அப்பவும் இப்பவும்.

அடுத்த இருபது வருசத்தில் இதே கதை இன்னும் பச்சையாகத் தெரியும். 1815ஆம் ஆண்டு உலக வரலாற்றில் வாட்டர்லூ ஆண்டு, எங்களுக்கு அது கண்டி விழுந்த ஆண்டு. வாட்டர்லூவில் சண்டை போட்ட பிரித்தானியச் சிப்பாய்கள் எல்லாருக்கும், தரம் பார்க்காமல், பெயரை விளிம்பில் அடித்து வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள். பிரித்தானிய அரசு அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. இப்போது 73ஆம் ரெஜிமென்டைப் பாருங்கள். அதற்கு இரண்டு பட்டாலியன். இரண்டாவது பட்டாலியன் வாட்டர்லூவில் நின்றது, பதக்கம் கிடைத்தது. முதலாவது பட்டாலியன் அதே வருசம் இலங்கையில் நின்று கண்டியைப் பிடிக்கப் போனது. அந்தப் படையெடுப்புக்கென்று யாருக்கும் போர்ப் பதக்கம் இல்லை. ஒரே ரெஜிமென்ட், ஒரே வருசம், ஒரே சீருடை. நெப்போலியனைத் தோற்கடித்தால் கண்டு கொள்வார்கள், மலையில் மலேரியாவோடு மல்லுக்கட்டினால் கண்டு கொள்ள மாட்டார்கள்.

பிறகு 1817–18 ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சி. இதற்கு ஒரு பதக்கம் உண்டு. இலங்கை அரசாங்கமே கொடுத்தது. இலைமாலைக்குள் இலங்கை, 1818 என்றிருக்கும், மறுபக்கம் திறமைக்கு வெகுமதி என்ற வாசகமும் பெயரும். தேர்ந்தெடுத்த சிலருக்குத்தான் கிடைத்தது. வெள்ளைக்காரப் பட்டாளங்களோடு இலங்கை ரெஜிமென்ட்களையும் மதராஸ் காலாட்படையையும் சேர்ந்த ஆட்களும் அதில் உண்டு. இன்று ஏலத்துக்கு வந்தால் பெரிய விலை போகும். ஆனால் அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டு அந்தப் பதக்கத்தைக் கையில் வைத்திருக்க முடியாது. ஊர்கள் எரிக்கப்பட்டன, வயல்கள் அழிக்கப்பட்டன, பஞ்சம் வந்தது. கெப்பிட்டிபொல திசாவையின் தலை 1818 நவம்பரில் வெட்டப்பட்டது. அந்தத் தலைவர்களைத் துரோகிகள் என்று அறிவித்த பழைய வர்த்தமானியை இலங்கை அரசு 2016 டிசம்பரில்தான் இரத்துச் செய்தது. ஒரு பக்கத்துக்குத் துரோகம், மறுபக்கத்துக்குத் திறமை, இரண்டுக்கும் ஒரே ஆண்டு.

இதனால்தான் சில நண்பர்கள் எங்களிடம் கேட்பார்கள்: "இதையெல்லாம் சேர்க்கிறது வெள்ளைக்காரனுக்குக் கொடி பிடிக்கிற வேலையில்லையா?" எங்கட பதில், கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி அழகு பார்த்தால் ஆமாம், அது அந்த வேலைதான். பதக்கத்தை ஒரு அரசாங்கக் கடதாசி மாதிரி வாசித்தால் அப்படியில்லை. வரி ரசீதைப் பத்திரப்படுத்துகிறவரை யாரும் வரி போட்டவனின் ரசிகன் என்று சொல்வதில்லையே. பேரரசு யாரை மனிசராக எண்ணியது, யாரை எண்ணாமல் விட்டது என்பதற்குப் பதக்கம் அவர்கள் கையாலேயே எழுதிய சாட்சி. அதை உருக்கிவிட்டால் யாருக்கு லாபம்?

சரி, எண்ணாமல் விடப்பட்டவர்களைப் பார்க்க எங்களுக்குத் தூரம் போகத் தேவையில்லை. புத்தளம் நகரத்துக்குப் பக்கத்திலே சிறாம்பியடி இருக்கு. அங்கே வாழும் ஆப்பிரிக்க வம்சாவளிக் குடும்பங்களைப் பற்றித் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மஞ்சா இசை, போர்த்துக்கேயக் கிரியோல் பாட்டு, தாளம், ஆட்டம். விருந்தினர் வந்தால் ஆடச் சொல்லிப் படம் எடுப்பார்கள். அவர்களைச் சுற்றுலாக் காட்சியாக்கி வைத்திருக்கிற அந்தப் பழக்கம் எங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஏனென்றால் அந்த ஊரின் கதை முதலில் ஒரு பட்டாளத்தின் கதை.

கவர்னர் பிரெடரிக் நோர்த் காலத்திலிருந்து, படைக்கு ஆள் போதாமல், கோவாவிலும் மொசாம்பிக்கிலும் போர்த்துக்கேயரிடமிருந்து ஆப்பிரிக்க அடிமைகளைப் பிரித்தானியர் விலைக்கு வாங்கினார்கள். வாங்கி, சீருடை போட்டு, இலங்கை ரெஜிமென்ட்களில் சேர்த்தார்கள். மலாய்க்காரருக்கு ஒரு ரெஜிமென்ட் இருந்தது, இவர்களுக்கும் இருந்தது. கண்டிப் போர்களில் காட்டுக்குள் முன்னால் போனவர்களில் இவர்களும் அடக்கம். 1827இல் இந்தப் படைகளையெல்லாம் சேர்த்து சிலோன் ரைபிள் ரெஜிமென்ட் ஆக்கினார்கள். 1873இல் அதையும் கலைத்தார்கள். புத்தளத்தில் நிலைகொண்டிருந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் திரும்பிப் போக ஊரில்லாமல் இங்கேயே குடியேறினார்கள். சிறாம்பியடிக் குடும்பங்கள் அவர்களின் வழி வந்தவை. புத்தளத்தில் மலாய்க் குடும்பங்கள் இருப்பதற்கும் அதே ரைபிள் ரெஜிமென்ட் ஒரு காரணம்.

இப்போது பதக்கக் கண்ணால் இதைப் பாருங்கள். 1803 கண்டிப் போருக்குப் போர்ப் பதக்கம் இல்லை. 1815க்கு இல்லை. 1818க்குத் தேர்ந்தெடுத்த சிலருக்கு. 1848 மாத்தளைக் கிளர்ச்சிக்கு இல்லை. பழைய இந்தியப் போர்களில் உயிரோடு மிஞ்சியவர்களுக்கென்று 1851இல் இந்தியப் படைப் பதக்கம் வந்தது. நேபாளம், பர்மா, பரத்பூர் என்று அதில் போர்ப் பெயர்ப் பட்டைகள் உண்டு. கண்டி என்ற பட்டை இல்லை. அப்படியென்றால் விலைக்கு வாங்கிக் கொண்டு வரப்பட்டு, தலைமுறை தலைமுறையாக இந்தத் தீவில் சீருடை போட்ட ஒரு சமூகத்தின் ஆட்களைப் பெயர் சொல்லிக் காட்டுகிற ஒரு வட்ட உலோகத்தை நாம் எங்கே தேடுவது? அவர்களுடைய உண்மையான பதக்கம் அந்தப் பாட்டுக்களும், ஞானஸ்நானப் பதிவுகளும், குடும்பப் பெயர்களும்தான். சேகரிப்பாளர் என்று சொல்லிக்கொள்கிற ஒருவர் புத்தளத்தில் இருந்துகொண்டு அதைக் கேட்டுப் பதிவு செய்யாமல், இணையத்தில் வாட்டர்லூ பதக்கத்துக்கு விலை பார்த்துக்கொண்டிருந்தால் என்ன சொல்வது!

உலோகமே தரம் பேசும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதலாம் உலகப் போருக்குக் கொடுத்த பிரித்தானியப் போர்ப் பதக்கம் வெள்ளியில் ஏறக்குறைய 65 இலட்சம் அடிக்கப்பட்டது. அதே அச்சு, அதே குதிரை வீரன், ஆனால் வெண்கலத்தில் ஒரு 1,10,000. வெண்கலம் யாருக்கு? சீன, இந்திய, மால்ட்டாத் தொழிலாளர் படைகளுக்கு. துவக்குத் தூக்கினவனுக்கு வெள்ளி, மூட்டை தூக்கினவனுக்கு வெண்கலம். இன்று நிலைமை தலைகீழ். வெள்ளிப் பதக்கம் மலிந்து கிடக்கு, வெண்கலம் அரிது, அதனால் விலை அதிகம். இழிவாகக் கொடுத்தது அரிய பொருளானது. சந்தைக்கு வெட்கம் கிடையாது.

அதே போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஒரு வெண்கலத் தட்டு கொடுத்தார்கள். 12 சென்ரிமீற்றர் அகலம், பதின்மூன்று இலட்சத்துக்கு மேல் வார்க்கப்பட்டது. அதில் பெயர் மட்டும்தான் இருக்கும், தரம் இருக்காது. ஜெனரலும் சிப்பாயும் ஒரே மாதிரி எழுத்தில். செத்த பிறகுதான் சமத்துவம் வந்தது என்று சிரிக்கலாம். ஆனாலும் அந்தத் தட்டைக் கண்டால் எங்களுக்கு மற்றப் பதக்கங்களை விட மரியாதை வரும்.

இரண்டாம் உலகப் போருக்கு வந்தால் புத்தளம் வரைபடத்தில் பெரிதாகத் தெரியும். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று யப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலை. அதற்குப் பிறகு தீவு முழுக்க விமானத் தளங்கள் பெருகின. பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவு புத்தளத்தில் ஒரு தளம் வைத்தது. கடற்படை தன் கரைத் தளங்களுக்கும் கப்பல் மாதிரியே பெயர் வைக்கும். புத்தளத்துக்கு வைத்த பெயர் எச்.எம்.எஸ். ராஜாலிய. சிங்களத்தில் கழுகு. எங்கட தமிழில் இராசாளி. தமிழ்நாட்டில் தாம்பரத்துக்கு வல்லூறு, சூலூருக்கு வைரி என்று பெயர் வைத்ததும் இதே ஆட்கள்தான். வேட்டைப் பறவைகளின் பெயரை உள்ளூர் மொழியில் கேட்டு வைத்திருக்கிறார்கள். பல வருசத்துக்குப் பிறகு 1992இல் இந்தியக் கடற்படை அரக்கோணத்தில் தொடங்கிய தளத்துக்கும் ராஜாளி என்றே பெயர். புத்தளத்துக்கும் அரக்கோணத்துக்கும் இப்படி ஒரு சொந்தம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ராஜாலியவில் இறங்கிய விமானங்களில் கோர்செயார் என்ற கடற்படைப் போர்விமானம் பேர் போனது. மூக்கு நீளம், செட்டை மடிந்திருக்கும், பாரமோ பாரம். ஓடுபாதையை விட்டுச் சறுக்கினால் சேற்றில் புதைந்து விடும். உழவு இயந்திரம் போனால் அதுவும் புதையும். அப்போதுதான் யானைகளைக் கொண்டு வந்தார்கள். கோர்செயாரை யானை இழுக்கும் படங்கள் இன்றைக்கும் போர் வரலாற்றுப் புத்தகங்களில் வந்துகொண்டே இருக்கின்றன. விமானத்தின் ரகம் எழுதியிருப்பார்கள், தளத்தின் பெயர் எழுதியிருப்பார்கள். யானைக்கு மேலே உட்கார்ந்திருக்கிற பாகனின் பெயர்?

பதக்கம் என்பது படைப் பட்டியலிலிருந்து வருகிற பொருள். பட்டியலில் பெயர் இல்லாமல் கூலிக்கு வந்தவனுக்கு விளிம்பும் இல்லை. அதே காலத்தில் இங்கிலாந்தில் மிருகங்களுக்கென்றே டிக்கின் பதக்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள், 1943இல். அந்தப் போரில் 32 புறாக்கள் அதைப் பெற்றன. நாய்களும் குதிரைகளும் பெற்றன, பிறகு ஒரு பூனையும் பெற்றது. யானை ஒன்றுகூட இல்லை. பாகனுக்கும் இல்லை, யானைக்கும் இல்லை. பகிடியாகத்தான் சொல்கிறோம், ஆனால் முழுக்கப் பகிடியுமில்லை.

எங்கட பக்கத்து வீடுகளில் உண்மையாகவே கண்ணில் படக்கூடிய பதக்கங்கள் பெரும்பாலும் இந்தப் போருடையவை. இலங்கைக் காலாட்படை, பீரங்கிப் படை, கடற்படைத் தொண்டர் படை என்று உள்ளூரார் சேர்ந்த காலம் அது. மூன்று வகையை எளிதாக அடையாளம் காணலாம். போர்ப் பதக்கத்தில், முடி சூடிய ஆறாம் ஜோர்ஜின் தலைக்குப் பின்பக்கம், இரட்டைத் தலை டிராகனின் மேல் ஒரு சிங்கம் ஏறி நிற்கும். 28 நாள் முழுநேரச் சேவை இருந்தால் கிடைக்கும். பாதுகாப்புப் பதக்கத்தில் ஓக் கன்றின் இருபக்கமும் இரண்டு சிங்கம், நாடா செம்மஞ்சளும் பச்சையும். மூன்றாவது, ஆறு முனை நட்சத்திரங்கள், மஞ்சள் உலோகம். முதல் இரண்டும் வெள்ளி மாதிரி மின்னும், ஆனால் செம்பும் நிக்கலும் கலந்தவை. பத்தரிடம் கொண்டு போனால் அவர் திருப்பித் தந்துவிடுவார். அந்த மலிவான உலோகம்தான் அவற்றைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும்.

பர்மா நட்சத்திரத்தைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. கடலில் யாருக்கு அது கிடைக்கும் என்று தீர்மானிக்க வரைபடத்தில் ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோடு இலங்கையின் தென்முனையில் தொடங்கி 300 மைல் தெற்கே போய், பிறகு கிழக்கே சுமாத்ரா பக்கம் திரும்பும். அதற்குள் அடங்கும் வங்காள விரிகுடாவில் ஓடின கப்பலுக்கு நட்சத்திரம் உண்டு. புத்தளக் கடல் அந்தக் கோட்டுக்கு வெளியே. இங்கிருந்து திருகோணமலைக்குப் போய்க் கப்பல் ஏறின விமானி நட்சத்திரத்துக்குத் தகுதியாகலாம், இங்கேயே நின்று அதே விமானத்துக்கு நட்டு முறுக்கின ஆளுக்கு அந்தக் கோடு உதவாது. கோடு போடுகிறவன் கையில்தான் எல்லாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களைப் பிரித்தானியா தன் படைகளுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆகியவை தங்கட ஆட்களுக்குப் பெயர் பொறித்துக் கொடுத்தன. ஆகவே உங்கட வீட்டில் கிடைக்கும் நட்சத்திரத்தின் பின்பக்கம் மொட்டையாக இருந்தால் அது போலி என்று முடிவு கட்ட வேண்டாம். மொட்டையாகத்தான் வந்தது. ஆனால் அதன் அர்த்தம் என்ன? அந்தப் பதக்கம் யாருடையது என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரேயொரு சாட்சிதான் இருக்கு: அதை வச்சிருக்கிற குடும்பத்தின் வாய். உம்மம்மாவோ அப்பப்பாவோ "இது இன்னார்ர, அவர் இன்ன இடத்தில நிண்டவர்" என்று சொல்லும் வரைக்கும்தான் அதற்கு உயிர். அவர் போனால் அது கோடிக்கணக்கான ஒன்றில் ஒன்று. முடிசூட்டு விழா, வெள்ளி விழா என்று 1935, 1937இல் கொடுத்த ஞாபகார்த்தப் பதக்கங்களும் பெயரில்லாமலே வந்தவை. முதலியார், முகாந்திரம் மாதிரியானவர்களுக்கு கவர்னர் கொடுத்த தங்கப் பதக்கங்களில் பெயர் உண்டு. ஆனால் தங்கம் எங்கே தங்கியது?

எங்கட கரையில் இதை இன்னும் அவசரமாக்கும் ஒரு காரணம் உண்டு, அதைச் சொல்லாமல் போக முடியாது. 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். பல்லாயிரம் குடும்பங்கள் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து சேர்ந்தன. யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகையையும் காசையும்கூடக் கொண்டுவர விடவில்லை. அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை யார் எடுப்பார்? உறுதிக் கடதாசி, கலியாணப் படம், மூத்தவர்களின் பென்சன் புத்தகம், பதக்கம் எல்லாம் போன வீடுகளின் பிள்ளைகள் இன்று எங்களோடு படிக்கிறார்கள், எங்களோடு எழுதுகிறார்கள். அவர்களுக்குப் பொருள் இல்லை, பொருளைப் பற்றின நினைவு மட்டும் இருக்கு. அதை எழுதி வைத்தால் அதுவும் ஒரு சேகரிப்புத்தான் என்பது எங்கட நிலைப்பாடு.

இனி, கையில் ஒன்று கிடைத்தவர்களுக்குக் கொஞ்சம் வேலைப் பேச்சு. முதலாவது, மினுக்காதீர்கள். குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரிப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் பதக்கம் பளபளக்கும், விளிம்பின் எழுத்து தேயும். ஒரு தலைமுறை தேய்த்தாலே இலக்கத்தின் பாதி போய்விடும். கறுத்துப் போன வெள்ளி அப்படியே இருக்கட்டும். எங்கட காற்றில் உப்பு. உப்பளத்துக்குப் பக்கத்தில் வீடென்றால் சொல்லவே வேண்டாம், வெண்கலம் பச்சை பூக்கும். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில், மருந்துப் போத்தலுக்குள் வருமே அந்த ஈரமுறிஞ்சிப் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். மெதுவான பிளாஸ்ரிக் உறை வேண்டாம், அதிலிருந்து கசிகிற பிசுக்கு உலோகத்தைத் தின்னும். நாடா கிழிந்திருந்தாலும் கழற்றி எறியாதீர்கள்.

இரண்டாவது, நகையாக்காதீர்கள். பதக்கம் என்ற சொல்லே தமிழில் தொங்கல் நகையைக் குறிப்பதால் இந்த ஆசை எங்கட ஆட்களுக்கு எப்போதும் உண்டு. வளையம் ஒட்ட வைத்து, ஊசி பற்ற வைத்துச் சங்கிலியில் போட்டுவிடுவார்கள். பற்றவைத்த தடம் போகவே போகாது.

மூன்றாவது, பிரிக்காதீர்கள். ஒருவருக்கு மூன்று பதக்கம் என்றால் அது மூன்று பொருளல்ல, ஒரு வாழ்க்கை. அண்ணன் தம்பி ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொள்வதும், வியாபாரி தனித்தனியாக விற்றால் லாபம் என்று உடைப்பதும் நடக்கிறதுதான். உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் பிரிந்து போன தொகுதிகளைத் திரும்பச் சேர்க்க ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். 1980ஐ ஒட்டி உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறியபோது இங்கிலாந்திலேயே எண்ணற்ற முதலாம் உலகப் போர்ப் பதக்கங்கள் உருக்கப்பட்டன. ஜோடியில் வெண்கலத்தால் ஆன வெற்றிப் பதக்கம் மட்டும் மிஞ்சிய குடும்பங்கள் அதனால்தான் இத்தனை.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. விளிம்பு ஒரு இடத்தில் மட்டும் மெலிந்திருந்தால், பழைய பெயரை அரத்தால் அராவிப் புதுப் பெயர் அடித்திருக்கலாம். அடித்த எழுத்தும் செதுக்கிய எழுத்தும் வித்தியாசம். எந்தப் பதக்கத்துக்கு எது வழக்கம் என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பிரபலமான பேர் இருந்தால் இரட்டிப்புச் சந்தேகம் நல்லது. கோட்டைச் சுற்றாடலில் உலோகம் தேடும் கருவியோடு தோண்டுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கு, பழம்பொருட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு 1988ஆம் ஆண்டின் கலாசார ஆதனச் சட்டமும் இருக்கு. மச்சான் கனடாவில் நல்ல விலைக்கு விற்றுத் தருவார் என்று தபாலில் போடுவதற்கு முன்னால் தொல்லியல் திணைக்களத்தில் ஒரு தடவை கேளுங்கள்.

சைமன் காசிச்செட்டியை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். பிரித்தானிய ஆட்சியில் உத்தியோகம் பார்த்தவர், சட்டசபைக்கும் போனவர், சிலாபத்தில் நீதிபதியாக இருந்தவர். 1834இல் இலங்கை கசற்றியர் போட்டார், 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். ஊர் ஊராகப் பெயர்களையும் ஆட்களையும் எழுதி வைத்த மனிசன். பேரரசின் கந்தோரில் இருந்துகொண்டே, பேரரசு எழுதாததை எழுதினார். எந்த விளிம்பில் அவருடைய பெயர் இருந்தது என்று இன்றைக்கு யாரும் தேடுவதில்லை, தேவையுமில்லை.

ஆகவே எங்கட கூட்டு ஒரு வேலையைத் தொடங்கியிருக்கு. புத்தளம் மாவட்டத்தில் யாருடைய வீட்டிலாவது பழைய பதக்கம் இருந்தால், விற்கவோ தரவோ வேண்டாம். பகல் வெளிச்சத்தில் மூன்று படம் எடுங்கள்: முகம், முதுகு, விளிம்பு. விளிம்பைச் சுற்றிச் சுற்றி நாலைந்து படமாக எடுத்தால் நல்லது. அதோடு வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு, இது யாருடையது, அவர் என்ன வேலை பார்த்தார், எங்கே நின்றார் என்பதைத் தொலைபேசியில் அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். பதக்கம் இல்லாதவர்களும் கேட்கலாம். பாலாவிப் பக்கம் விமானம் ஏறி இறங்கின காலத்தில் அங்கே மண் சுமந்தவர், சமைத்தவர், யானை மேய்த்தவர் என்று யாராவது குடும்பத்தில் இருந்தார்களா என்று. அப்போது இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது நூறு தாண்டியிருக்கும். அவர்களின் பிள்ளைகளுக்கே எழுபது, எண்பது. இந்த நோன்புப் பெருநாளுக்கோ கொடியேற்றத்துக்கோ ஊருக்குப் போகும்போது கேட்டுவிடுங்கள்.